சராசரி ஐம்பத்திரண்டு

இரவுப் பணி முடிந்து
ஏழேகால் பஸ்ஸில் வந்திறங்கி,
ஒரு வாய் கஞ்சி குடித்து,
ஜன்னல் ஆணியில் கறுப்புக் கம்பளியை மாட்டி
எனக்கான ராத்திரியை நானே செய்துகொள்வேன்.
வெளியே கோத்தகிரிக்கு விடிந்துகொண்டிருக்கும்.
அதைப் பற்றிப் புகார் ஒன்றுமில்லை.

தேயிலை ஃபேக்டரிச் சங்கு, பள்ளி மணி,
போஜன் வீட்டு நாய், கேரட் கழுவும் மெஷின்
எல்லாம் என் தூக்கத்துக்கு வேண்டியவர்கள்.
கதவைத் தட்டாமல் வருவார்கள்,
கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு வருவது அப்படியல்ல.
முதலில் அலமாரியில் டம்ளர்கள் தமக்குள் பேசும்.
பிறகு கூரைத் தகரம்.
பிறகு என் கடைவாய்ப் பல்.
காதுக்கு வந்து சேர்வது அதற்கும் பிறகுதான்:
சுற்றுலா ஹெலிகாப்டர்,
ஐந்து பேர், பத்து நிமிடம், பள்ளத்தாக்கு தரிசனம்.
என் கூரைமேல் அது வளையும்போது
எல்லோரும் இடப்பக்கம் எட்டிப் பார்ப்பார்களாம்.
அங்கிருந்து அருவி தெரியுமாம்.
ஒரு நாளைக்குப் பதினான்கு முறை தெரியுமாம்.

மனு எழுதினோம்.
அறுபத்தொரு கையெழுத்து, ஒன்பது கைநாட்டு.
பதில் வந்தது:
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
பொதுமக்களின் உறக்கம் கருதி
எந்த ஊர்தியும் பறக்காதென உறுதியளிக்கப்படுகிறது.
அந்த எட்டு மணி நேரமும்
நான் பெண்கள் வார்டில் விழித்திருக்கிறேன்.
உறுதிக்கு நன்றி.

கோவையிலிருந்து ஞானசிகாமணி வந்தார், மீட்டரோடு.
தண்ணீர்த் தொட்டிமேல் முக்காலியை நிறுத்தி
மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டார்.
நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்திருந்தார், பாவம்.
அதிகபட்சம் எழுபத்தெட்டு என்றார்.
ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டமில்லையாம்.
சத்தம் வந்த நிமிடத்தையும் வராத நிமிடத்தையும்
ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டுமாம்.
கலக்கினால் ஐம்பத்திரண்டு.
வரம்பு ஐம்பத்தைந்து.
“கணக்குப்படி நீங்க தூங்குறீங்க, சிஸ்டர்,”
என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நானும் சார்ட் எழுதுகிறவள்தான், சார்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
நூற்று நான்கு அடித்த குழந்தையின் காய்ச்சலை
வாரம் முழுதுக்கும் பரப்பிப் போட்டால்
அந்தக் குழந்தைக்கு ஒன்றுமேயில்லை.
தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.
போகும்போது தனித்தாள் ஒன்று கேட்டு வாங்கி
பதினான்கு முள்ளையும் வரைந்து
இணைப்பு என்று எழுதினார்.
கட்டமில்லாத அந்தத் தாள்தான் வேலை செய்தது.

கலெக்டர் ஆபீசில் கூட்டம்.
கம்பெனிக்காரர்கள் மேப்பை விரித்து
பென்சிலால் கோட்டை நகர்த்தினார்கள்:
ஐந்நூறு அடி உயரே ஏறி,
தைல மரக்காட்டைத் தாண்டித் திரும்புவது.
பென்சில் நகரும்போது சத்தமே வரவில்லை.

திங்கட்கிழமை
ஒன்பது நாற்பதுக்கு
டம்ளர்கள் பேசாததால் விழித்துக்கொண்டேன்.
செவ்வாய்தான் தூங்கினேன்.
புதன், வியாழன்,
மூன்று மணி வரை, கனவுகூட இல்லாமல்.
முகம் தெளிஞ்சிருக்கே என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரம் ராத்திரி டூட்டிக்கு
மரியபுஷ்பம் கண் சிவக்க வந்தாள்.
தைல மரக்காட்டுக்கு அந்தப் பக்கம்
எஸ்டேட் லைனில் இருக்கிறாள்.
“புதுசா ஒண்ணு வருதுக்கா,
காலையில, ஒன்பதே முக்காலுக்கு.”
டம்ளர் பேசுமா என்றேன்.
தட்டு என்றாள்.

டிரெஸ்ஸிங் டிராலியிலிருந்து பஞ்சைக் கிள்ளி
இரண்டு உருண்டை உருட்டிக் கொடுத்தேன்.
மனுவின் நகல் என் பையில்தான் கிடந்தது.
இடத்தின் பெயரை மட்டும் அடித்து எழுதினால் போதும்.
ஞானசிகாமணி நம்பரும் இருந்தது.
அங்கிருந்து கிளப்பினால்
அது எங்கே வந்து திரும்பும் என்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் பையை இழுத்து ஜிப்பைத் திறந்தேன்.
அதற்குள் மூன்றாம் படுக்கைக்கு டிரிப் தீர்ந்துவிட்டது.
இரண்டு பேரும் எழுந்து போனோம்.